கண்ணை மூடினால் எடை குறையுமா?

மனநலம்: கேள்வி – பதில்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43, உயரம் 155 செ.மீ., எடை 84 கிலோ. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். காலையிலும் மதியமும் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகிறது. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பாத்திரத்தில் மிச்சம் இருப்பதைக் கொட்ட மனசு வராமல் நானே சாப்பிட்டுவிடுகிறேன். பேலியோ, கொள்ளுக் கஞ்சி, வாக்கிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கள் ஊரில் புதிதாக ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். 'ஹிப்னாடிசம் மூலம் 45 நாளில் 12 கிலோ! டயட் வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம்' என்று நோட்டீஸ். ஆறு தடவை போக வேண்டும், மொத்தம் 18,000 ரூபாய். வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டிருப்பதாக மனசை நம்பவைப்பார்களாம். அப்புறம் இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுமாம். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். கணவர் 'மந்திரவாதிகிட்டயா போற?' என்று சிரிக்கிறார். போகலாமா, வேண்டாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித்தர எனக்கு அதிகாரம் கிடையாது. அரசு மருத்துவமனை ஒன்றில் 26 வருஷம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஹிப்னாடிசத்தை முறையாகப் படித்து, நோயாளிகளுக்கும் செய்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த மிச்சச் சோற்றுப் பழக்கம் எனக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நோட்டீசில் இருக்கும் கணக்கை மட்டும் முதலில் போட்டுப் பார்ப்போம். நீங்கள் கிளார்க், கூட்டல் கழித்தல் உங்களுக்குப் புதிதல்ல. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 12 கிலோவுக்கு 92,400. 45 நாளுக்குப் பங்கு போட்டால் தினம் 2,000 கலோரிக்கு மேல் வருகிறது. உங்கள் வயதுக்கும் எடைக்கும், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கும், உங்கள் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 45 நாளும் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தால்கூடக் கொழுப்பில் 12 கிலோ போவது சந்தேகம். இவர்களோ டயட்டே வேண்டாம் என்கிறார்கள்!

இன்னொரு கணக்கு. இப்போது எல்லோரும் பேசுகிற, பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசியை வாரம் ஒரு தடவை போட்டு, உணவையும் நடையையும் சரிசெய்துகொண்டவர்களுக்கு, பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. உங்கள் 84 கிலோவில் 15 சதவீதம் என்றால் பன்னிரண்டரை கிலோ. அந்த ஊசிக்கு ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் பிடித்ததை, இவர்கள் ஒன்றரை மாதத்தில் நாற்காலியில் சாய்த்துவைத்தே முடித்துவிடுவார்களாம்.

ஆக, அந்த மையத்துக்குப் போக வேண்டாம். ஹிப்னாடிசமே வேண்டாமா என்றால், அது வேறு பேச்சு.

தமிழில் இதற்கு 'அறிதுயில்' என்று ஒரு சொல் உண்டு. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படுத்திருக்கும் கோலத்தைச் சொல்லப் பழங்காலத்திலிருந்தே வழங்கிவரும் சொல். தூங்குவது மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் தெரியும். 'மனோவசியம்' என்பதைவிட இது எவ்வளவோ பொருத்தம். பஸ்ஸில் தொடர்கதை படித்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள் அல்லவா? கண்டக்டர் குரல் காதில் விழுந்தது, மனசு மட்டும் கதைக்குள் இருந்தது. அந்த நிலையை வேண்டும்போது வரவழைத்து, அந்த நேரத்தில் மனசுக்கு ஒரு காட்சியையோ வாக்கியத்தையோ கொடுப்பதுதான் ஹிப்னாடிசம். கூப்பிட்டால் எழுந்து போகலாம். யாரும் யாரையும் பிடித்துவைப்பதில்லை.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்பதில் எனக்கு ஒரு பெருமை. கோவாவில் காண்டோலிமில் 1756இல் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார். மெஸ்மர் என்பவர் ஐரோப்பாவில், நோயைக் குணப்படுத்தும் 'காந்த சக்தி' தன்னிடம் இருப்பதாகச் சொல்லிப் பரபரப்புக் கிளப்பியிருந்தார். ஃபாரியா 1813 முதல் பாரிஸில் மேடை ஏறி, 'என்னிடம் எந்தச் சக்தியும் இல்லை, எல்லாம் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனசுக்குள் நடக்கிறது' என்ற கருத்தைச் சொன்னார். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது, அடுத்த தடவை கோவா போனால் பாருங்கள். 'நான் உங்கள் எடையைக் குறைத்துத் தருகிறேன்' என்று சொல்கிறவர்கள் இருநூறு வருஷத்துக்குப் பிறகும் மெஸ்மரிடமே நிற்கிறார்கள்.

எடைக்கு இது எவ்வளவு உதவும்? அளந்து பார்த்திருக்கிறார்கள். 1990களின் நடுவில் இர்விங் கிர்ஷ் என்ற அமெரிக்க உளவியலாளர், அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டினார். உணவுப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சையை மட்டும் எடுத்தவர்களைவிட, அதோடு ஹிப்னாடிசமும் சேர்ந்தவர்கள் நிறையவே குறைந்தார்கள் என்று வந்தது. உடனே வேறு இரண்டு பேர் அதே ஆய்வுகளை எடுத்து மறுபடி கூட்டினார்கள். கணக்கில் பிழைகள் இருந்தன. சந்தேகமான ஓர் ஆய்வை விலக்கினால் வித்தியாசம் சிறியதாகச் சுருங்கிவிட்டது. கிர்ஷ் விடவில்லை, மூன்றாவது தடவை திருத்திக் கூட்டினார்: ஹிப்னாடிசம் இல்லாமல் சராசரியாக 2.7 கிலோ, அதோடு சேர்த்து 5.4 கிலோ. இரட்டிப்பு! விளம்பரம் போடுகிறவர்கள் இந்த இரட்டிப்பை மட்டும் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது 1998இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஓர் ஆய்வு. குறட்டையும் மூச்சுத் திணறலுமாகத் தூங்க முடியாத 60 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனை மட்டும். இன்னொன்றுக்கு அதோடு 'குறைவாகச் சாப்பிடு' என்கிற ஹிப்னாடிசம். மூன்றாவதற்கும் அதே உணவு ஆலோசனை, ஆனால் ஹிப்னாடிசம் மனப் பதற்றத்தைத் தணிப்பதற்கு. மூன்று மாதத்தில் எல்லோரும் கொஞ்சம் குறைந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், மூன்றாவது பிரிவு மட்டும்தான் சொல்லும்படி எதையாவது தக்கவைத்திருந்தது. அதுவும் சராசரி 3.8 கிலோதான், செய்தவர்களே 'சின்னப் பலன்' என்று எழுதினார்கள். ஆனாலும் சாப்பாட்டைப் பற்றிப் பேசியவர்களைவிடப் பதற்றத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஒரு படி மேலே நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் அனுபவமும் அதுதான்.

இத்தாலியில் டூரின் நகரத்து ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. ரொம்பவும் பருமனான 120 பேர், ஒரு வருஷம். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. பாதிப் பேருக்குத் தங்களுக்குத் தாங்களே ஹிப்னாடிசம் செய்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். கற்றவர்கள் 6.5 கிலோ, கல்லாதவர்கள் 5.6 கிலோ. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கற்றவர்களுக்குச் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு கூடியிருந்தது. அதை விடாமல் பழகியவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் 9.6 கிலோ! (விடாமல் எதையும் செய்கிற ஆள் எந்த வழியில் போனாலும் குறைவார் என்று என் மகன் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.)

இனி நான் சொதப்பிய கதை. ஆளின் அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் வந்தார். ராத்திரி பத்தரைக்குக் கடை அடைத்து, பஸ் ஸ்டாண்டில் நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எனக்கு அப்போது கையில் புது வித்தை, காட்டிப்பார்க்க ஆசை. நன்றாக ஆழ்ந்து போகிற ஆளாகவும் இருந்தார். 'பரோட்டாவைப் பார்த்தால் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும்' என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரத்தில் ஓடி வந்தார். 'மேடம், கல்லு பக்கத்துல போகவே முடியல, குமட்டுது!' எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் எடை பார்த்தால் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது.

"என்னண்ணே, பரோட்டா சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம். கொத்து பரோட்டாதான். அதுக்கு அந்த வாசம் வரல."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன்: காலையிலிருந்து என்ன சாப்பிடுகிறீர்கள்? பன்னிரண்டு மணிக்கு அவசரமாக ஒரு சாப்பாடு. அதற்குப் பிறகு பத்தரை வரைக்கும் ஆறு டீ, அவ்வளவுதான். பத்து மணி நேரம் பட்டினி கிடந்த மனுஷனின் பசியை மண்ணெண்ணெய் வாசம் தடுக்குமா? ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு பழமும் ஏற்பாடு செய்தோம். ஹிப்னாடிசத்தில் பரோட்டாவை விட்டுவிட்டு, கடை ஷட்டர் இறங்குகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் கேட்டதும் தோள் தளர்கிறது, மூச்சு இறங்குகிறது, வீட்டு வாசல்படி கண்ணில் தெரிகிறது. அவ்வளவுதான் சொன்னேன். எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தார். பாதிப் புகழ் சுண்டலுக்கு.

சரி, என் கதை. ஐம்பது வயதில் நான் 76 கிலோ. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் அடுப்படியில் நின்றபடியே, குக்கரில் ஒரு கைப்பிடி சோறு, வாணலியில் ஒட்டியிருக்கும் உருளைக்கிழங்கு, நமுத்த அப்பளம் ஒன்று. உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதால் அதைச் சாப்பாடாக நான் கணக்கில் வைத்ததே கிடையாது. ஒருநாள் கிண்ணத்தில் எடுத்து அளந்து பார்த்தேன், ஒரு தட்டு டிபனுக்கு இருந்தது. 'சாப்பிடக் கூடாது' என்று மனசுக்குச் சொன்னால் கொத்து பரோட்டா கதைதான் ஆகும். அதனால் வேறு ஒரு காட்சியைப் பழகினேன்: மிச்சத்தைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மாற்றுகிறேன், மூடி 'டப்' என்று விழுகிறது, குழாயைத் திறக்கிறேன், கையில் சோப்பு நுரை. தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் கண்ணை மூடி இதை மட்டும் பார்த்தேன். பதினான்கு மாதத்தில் ஐந்து கிலோ போனது. மகன் கல்யாணத்தில் இரண்டு திரும்பி வந்தது. இன்று வரை 73.

நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் நீங்கள் 35. நம் நாட்டுக்காரர்களுக்கு 25 தாண்டினாலே உடல்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் வேலை, அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் பார்த்தாக வேண்டும். மாதவிடாய் சீராக இல்லையென்றால், ராத்திரி குறட்டை அதிகம் என்றால், ஸ்டீராய்டோ மனநல மாத்திரையோ சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். ஊசி, மாத்திரை வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டை 'அளவாக' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணிக்குக் கை மிக்சருக்குப் போகிறதென்றால் அந்த அளவு குறைவோ என்று எனக்குச் சந்தேகம். மதியம் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் பயறோ கூட்டிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு, காசில்லாமல் ஒன்று. ஆபீசை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் நாற்காலியில் உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கண் தானாகக் கனக்கும், மூடிக்கொள்ளுங்கள். மகாமகக் குளத்துப் படி உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு மூச்சு வெளியே போகும்போதும் ஒரு படி இறங்குங்கள், இருபதிலிருந்து ஒன்று வரை. கீழே தண்ணீர் காலில் படும்போது இதைப் பாருங்கள்: வீட்டுப் பூட்டைத் திறக்கிறீர்கள், செருப்பைக் கழற்றுகிறீர்கள், பையை ஆணியில் மாட்டுகிறீர்கள், கை மோர் டம்ளருக்குப் போகிறது. மோர் தொண்டையில் இறங்குகிறது. உட்காருகிறீர்கள். அவ்வளவு போதும், மிக்சரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக் கண்ணைத் திறங்கள். காலையில் மோரைக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் காட்சி பொய்யாகிவிடும். மிக்சர் டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஆறு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒருவரிடம் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கற்பனைப் பட்டை விஷயத்தில், அதைச் சும்மா மனசைத் தளர்த்தும் பயிற்சியோடு ஒப்பிட்ட சிறிய ஆய்வில்கூடப் பெரிய வித்தியாசம் வரவில்லை.

5,000 ரூபாயைச் சும்மா விடாதீர்கள். 'சேவை வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள், நோட்டீசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அற்புத சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் வருஷச் சட்டத்தின் பட்டியலில் உடல்பருமனும் இருக்கிறது. ஹிப்னாடிசம் அதற்குள் அடங்குமா என்பதை வக்கீல்கள் வாதிடட்டும், நீங்கள் அதைச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: ஹிப்னாடிசத்தில் இருக்கும்போது ஏ.டி.எம். பின் நம்பர், பழைய காதல் எல்லாவற்றையும் உளறிவிடுவோமா? பள்ளியில் படிக்கும்போது ஒரு மேஜிக் ஷோவில் பையன் ஒருவன் வெங்காயத்தை ஆப்பிள் என்று கடித்துத் தின்றதைப் பார்த்திருக்கிறேன்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உளற மாட்டீர்கள். சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் இருக்கலாம், பொய்கூடச் சொல்லலாம். அந்தப் பையன் சங்கதி வேறு. மேடைக்காரர் முதலில் இருபது பேரைக் கூப்பிட்டு, கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லிச் சின்னச் சின்னச் சோதனை வைத்து, சுலபமாக ஆழ்ந்து போகிற ஒன்றிரண்டு பேரை நிறுத்திக்கொண்டு மற்றவர்களைக் கீழே அனுப்பியிருப்பார். நினைவுபடுத்திப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் அப்படி ஆழ்ந்து போவார், ஒருவருக்கு என்ன செய்தாலும் ஏறாது, மற்றவர்கள் நடுவில். போதாக்குறைக்கு எதிரில் முழுப் பள்ளிக்கூடமும் கை தட்டுகிறது. நான் பையனாக இருந்தால் வெங்காயத்தை இரண்டாகவே தின்றிருப்பேன்.

கேள்வி: வயது 22. ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பயந்துபோய் விரலை விட்டு வாந்தி எடுக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து தடவை. வீட்டில் தெரியாது. ஹிப்னாடிசம் செய்து பசியையே இல்லாமல் ஆக்க முடியுமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: பசியை இல்லாமல் ஆக்க வேண்டாம் அம்மா. எடை குறைப்பு ஹிப்னாடிசம் என்று யார் கூப்பிட்டாலும் இப்போது போகாதே. இது உணவுக் கோளாறு, புலிமியா என்பார்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அடிக்கடி வாந்தி எடுப்பதால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார், ரத்தப் பரிசோதனை கேள். நெஞ்சு படபடப்போ மயக்கமோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போ. நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய். டெலி மானஸ், அரசாங்க இலவச எண், தமிழில் பேசுவார்கள். வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காதே, எனாமல் போய்விடும், வெறும் தண்ணீரில் கொப்புளி. வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது என்று குழப்பமாக இருந்தால், யாரிடம் சண்டை குறைவோ அவரிடம் சொல்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, 71 கிலோ. அவன் தூங்கும்போது 'எடை குறைப்பு ஹிப்னாடிசம்' ஆடியோவை அவனுக்குத் தெரியாமல் காதருகில் ஓடவிட்டால் பலன் உண்டா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை. தூக்கம் வேறு, அறிதுயில் வேறு. தூங்குகிற பையனின் காதில் ஓடினால் அவன் தூக்கம்தான் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். அவனுக்குத் தெரியாமல் செய்ததாக ஒருநாள் தெரியவந்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். குழந்தை மருத்துவரிடம் உயரம், எடை, ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். வீட்டில் அவனுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். சாயங்காலம் பாக்கெட் தீனியும் குளிர்பானமும் வாங்கி வருவது யார் என்று எழுதவில்லையே? அவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.